நிழற்படமும் நெஞ்சின் பற்றும்

இல்லறத்தாரிடம் பொருள்கள் இரு வழிகளில் வந்து சேர்கின்றன. தேவை கருதி நாமே தேடிக் கொள்பவை ஒரு வகை. அன்புடையார் தர, மறுக்க மனமின்றி ஏற்றுக் கொள்பவை மற்றொரு வகை. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பணிபுரியும் மக்கள் தம் பெற்றோருக்கு வாங்கித் தரும் டிஜிட்டல் படச்சட்டம் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. பள்ளிப் பிள்ளைகளின் கற்பலகை அளவே உள்ள இச்சட்டம் இன்று நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலோ, கூடத்து அலமாரியின் மீதோ இடம் பெற்றுள்ளது. அதனுள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கிலும் கூடப் படங்களைச் சேமித்து வைக்கலாம். சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு படம் மறைந்து மறு படம் தோன்றும். இணைய இணைப்புள்ள சட்டமாயின், அமெரிக்காவிலுள்ள மகன் தன் கைப்பேசியிலிருந்து அனுப்பும் படம் அடுத்த சில நிமிடங்களில் வந்தவாசியிலுள்ள தாயின் கண்முன் வந்து நிற்கும்.

இதனால் முதியோர் அடையும் மகிழ்ச்சியை நாம் நேரில் கண்டிருக்கிறோம். அம்மகிழ்ச்சியைக் குறைத்துப் பேசுதல் நம் நோக்கமன்று. ஆயினும் நம்மவருள் சிலர் இது குறித்து ஒரு வினாவை நம்மிடம் எழுப்பியுள்ளனர். நம் உருவங்களையும் நம்மவர் உருவங்களையும் நாள் முழுதும் ஓடவிட்டுப் பார்த்துக் கொண்டிருப்பது நன்றியறிதலா, அன்றிப் பற்றை வளர்க்கும் செயலா? மிகுபொருள் விரும்பாமையை அணுவிரதமாகக் கொண்டோருக்கு இது பொருந்துமா? சிறிய பொருளைப் பற்றி எழுந்த வினாவாயினும் இது சிறிய வினாவன்று. விருப்பு வெறுப்பின்றி ஆராய்வோம்.

உருவம் இல்லம் புகுந்த வரலாறு

தம் உருவத்தைத் தம் வீட்டில் வைத்துக் காணும் வழக்கம் பொதுமக்களுக்கு மிகவும் பிற்காலத்தது. 1839ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் டாகர் என்பார் கண்ட நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அக்கலை தமிழகத்தை எட்டிவிட்டது. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம் எடுத்தார். எனினும் ஊர்ப்புறக் குடும்பங்களுக்கு அது நெடுநாள் எட்டாப் பொருளாகவே இருந்தது. நம் இளமைக் காலத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஓரிரு படங்கள் வாய்த்தால் அரிது. ஒரு படமும் இன்றியே மறைந்த பாட்டிமார் மிகப் பலர். அவர்களுடைய முகங்கள் அவர்களைக் கண்டோரின் நினைவோடு மறைந்தன. அவர்கள் கற்பித்த ஒழுக்கமோ பேரப்பிள்ளைகளிடம் நிலைத்தது.

இங்கு நம் சமூகத்தார் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1850இல் பிளாங்கார் எவ்ரார் என்னும் பிரெஞ்சுக்காரர் அறிமுகப்படுத்திய ஆல்புமென் தாள், முட்டையின் வெண்கருவைப் பூசிச் செய்யப்பட்டது. 1871இல் ரிச்சர்டு லீச் மாடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், வெள்ளி உப்பைக் கண்ணாடித் தகட்டின்மேல் தாங்கி நிற்க ஜெலட்டினைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். பின்னர் பிலிமிலும் படத்தாளிலும் ஜெலட்டினே நிலைபெற்றது. அதுவோ கால்நடைகளின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கப்படுவது. ஆக, முட்டையையும் புலாலையும் கனவிலும் தீண்டாத நம் முன்னோரின் உருவங்கள், அவர்கள் அறியாமலேயே, உயிர்க்கொலையின் வழிவந்த பொருளின்மேல் பதிந்து நம் சுவர்களில் விளங்குகின்றன. இஃது அறியாது நேர்ந்தது. கொல்லும் எண்ணம் அதில் இல்லை. அப்படங்களை அகற்றிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒரு பொருள் கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றினும் அதன் பிறப்பை ஆராய்வது அறவோர் கடமை என்பதற்கே இதனைக் கூறினோம்.

1975இல் அமெரிக்காவில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் முதன்முதலாக டிஜிட்டல் கேமரா ஒன்றை அமைத்தார். அவ்வழியில் வளர்ந்த இன்றைய முறையில் பிலிமும் வேண்டா. ஜெலட்டின் பூசிய தாளும் வேண்டா. இவ்வளவில் புதிய சட்டம் பழைய படத்தைவிடக் கொல்லாமைக்கு நெருங்கியது என்று கூறலாம். ஆனால் கணக்கை இங்கேயே முடித்துவிடலாகாது. சட்டத்தின் உள்ளுறுப்புகளுக்கான உலோகங்கள் மண்ணை அகழ்ந்து எடுக்கப்பட்டவை. பிருதிவிகாய உயிர்களை நம் நூல்கள் எடுத்துரைப்பதை நாம் அறிவோம். அது உண்ணும் மின்சாரம் சில வாட் அளவே எனினும் நாள் முழுதும் உண்ணுகிறது. அந்திக்குப் பின் அதன் ஒளியை நாடிச் சிறு பூச்சிகள் வருகின்றன. அவற்றை நாடிப் பல்லி வருகிறது. இரவுணவை நம் முன்னோர் ஏன் விலக்கினர் என்பதை அறிந்தோர், யாரும் காணாத நள்ளிரவில் அச்சட்டம் ஒளிர்ந்து கொண்டிருப்பதை எவ்வாறு ஏற்பர்?

படம் வெறும் படந்தானா?

இனி உட்பொருளுக்கு வருவோம். படத்தில் என்ன இருக்கிறது, அது வெறும் நிழல்தானே என்பார் உளர். ஜைன நூலோர் இதற்குத் தெளிவான விடை வைத்துள்ளனர். ஒரு பொருளை நாம் கையாளும் முறை நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என நான்கு என்று தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. ஒன்றை மற்றொன்றில் இதுவே அது என மனத்தால் நிறுவிக் கொள்வது ஸ்தாபனை. ஜினாலயத்தில் கல்லிலும் உலோகத்திலும் அருகனைக் கண்டு வணங்குவது இம்முறையினாலேயே. சுவரிலுள்ள தந்தையின் படத்தைக் காட்டிக் குழந்தையிடம் 'இவர் உன் தாத்தா' என்று நாம் கூறுவதும் ஸ்தாபனையே. உருவம் பொய், ஆனால் அதன்மேல் வைத்த எண்ணம் பொய்யன்று. அவ்வெண்ணம் வினையை ஈட்டும்.

இதனை யசோதர காவியத்தை விடத் தெளிவாக விளக்கும் கதை வேறில்லை. யசோதர மன்னன் தன் அன்னை சந்திரமதியின் சொற்கேட்டு, உயிருள்ள கோழிக்கு மாறாக மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். குருதி சிந்தவில்லை, உயிர் ஒன்றும் துடிக்கவில்லை. ஆயினும் அவ்வுருவத்தில் கோழியை நிறுவி அதனை வெட்டிய எண்ணத்தால் தாயும் மகனும் பல விலங்குப் பிறப்புகளில் உழன்றனர். மாவுக் கோழிக்கே இத்தனை ஆற்றல் உண்டெனில், நம் குழந்தையின் உருவத்தில் நாள்தோறும் நூறு முறை நாம் நிறுவும் அன்பும், ஏக்கமும், பெருமிதமும் வினையின்றிக் கழியுமா?

அக்கதையில் மற்றொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. யசோதரன் மயிலாகவும் சந்திரமதி நாயாகவும் பிறந்து, முற்பிறப்பில் தமக்குரியதாயிருந்த அரண்மனைக்கே வந்து சேர்கின்றனர். அங்கே அரசாள்பவன் யசோதரன் மகன் யசோமதி. தந்தையும் பாட்டியும் தன் முற்றத்தில் திரிவதை அவன் அறியவில்லை. மறைந்தோர் உருவத்திற்கு மாலையிட்டு, வாயிலில் வந்து நின்ற நாயைக் கல்லெறிந்து துரத்தும் நாம் இக்கதையை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். உருவத்தைப் போற்றுகிறோம், அவ்வுருவத்தை விட்டுச் சென்ற உயிரோ எங்கே, எவ்வடிவில் உள்ளதென அறியோம். ஆகவே மறைந்தோர்க்குச் செலுத்தும் மெய்யான நன்றி, கண்ணெதிர் நிற்கும் எல்லா உயிர்களிடத்தும் காட்டும் அருளேயாகும்.

எண்ணிக்கையும் மூர்ச்சையும்

மிகுபொருள் விரும்பாமைக்கு நாம் வழக்கமாக எண்ணிக்கையால் வரம்பு கட்டுகிறோம். இத்தனை காணி நிலம், இத்தனை சவரன் பொன், இத்தனை ஆடை என்பது போல. புறப் பரிக்கிரகங்கள் பத்து என நூல்கள் எண்ணி வைத்துள்ளன. டிஜிட்டல் படங்களோ இவ்வரம்பில் அடங்குவதில்லை. பத்தாயிரம் படங்கள் இருந்தும் அவை இடம் அடைப்பதில்லை, எடையும் கூடுவதில்லை. பொருளே இல்லாதது போன்ற இவ்வுடைமையை எவ்வாறு அளப்பது?

உமாசுவாமிகள் இதற்கு வழி காட்டியுள்ளார். பரிக்கிரகம் என்பதற்கு அவர் மூர்ச்சை என்றே இலக்கணம் வகுத்தார். மயங்கிப் பற்றுதலே உடைமை என்பது அதன் கருத்து. உள் பரிக்கிரகங்கள் பதினான்கில் விருப்பும், வெறுப்பும், துயரும், அச்சமும் அடங்கும். ஆகவே படம் எத்தனை என்று கேட்பதைவிட, ஒரு படம் அழிந்துவிட்டதென்று அறிந்தால் நம் மனம் என்ன பாடுபடும் என்று கேட்பதே சரியான அளவுகோல். சட்டம் பழுதாகிப் படங்கள் மறைந்த நாளில் உணவு கொள்ளாதிருந்த முதியவர்களும் உளர். மகன் நலமுடன் இருக்கிறான். மகனின் படம் போயிற்று. அதற்கே அத்துயரம் எனில் அதனைத்தான் மூர்ச்சை என்றனர் பெரியோர்.

இவ்வாறு கூறுவதால் மறுதரப்பு இல்லையென்று ஆகாது. அநேகாந்தம் பயின்றோர் அதனையும் கேட்க வேண்டும். மக்கள் தொலைவிலிருக்கத் தனித்து வாழும் முதியோருக்கு அச்சட்டம் ஒரு துணை. காலையில் உண்டதை மறந்துவிடும் மூத்தோரும் பழைய படத்தைக் கண்டதும் பெயரும் ஊரும் கூறி முகம் மலர்வதுண்டு. அயல்நாட்டில் பிறந்த பேரக்குழந்தைகள் கொள்ளுப்பாட்டனாரின் முகத்தையும், முன்னோர் வழிபட்ட ஜினாலயத்தின் கோபுரத்தையும் அவ்வாறே அறிகின்றனர். இல்லறத்தார் துறவிகள் அல்லர். அன்பின்றி இல்லறம் நடவாது. எனவே சட்டத்தை அறவே விலக்குக என்பது ஒருதலைப்பட்ட முடிபாகும். பற்றைப் படிப்படியாகக் குறைத்தலே நமக்கு விதிக்கப்பட்ட நெறி.

நீலாஞ்சனையின் நடனம்

இச்சட்டத்தைக் காணும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருவது ஆதிநாதர் வரலாற்றில் வரும் நீலாஞ்சனையின் நடனம். விருஷப தேவர் அரசாட்சியில் அமர்ந்திருந்த காலம். உலகுக்கு அறம் உரைக்க வேண்டியவர் இன்ப வாழ்வில் இருத்தல் கண்ட இந்திரன், ஆயுள் முடியும் தறுவாயிலிருந்த நீலாஞ்சனை என்னும் தேவமகளை அவையில் ஆடச் செய்தான். ஆடிக் கொண்டிருக்கையிலேயே அவள் ஆயுள் முடிந்து மறைந்தாள். அவையின் சுவை கெடாதிருக்க, இந்திரன் அக்கணமே அவளையொத்த வேறோர் உருவைப் படைத்து அதே இடத்தில் ஆட வைத்தான். அவையோர் வேறுபாட்டை அறியவில்லை. இறைவன் ஒருவரே அறிந்தார். ஒருத்தி மறைந்தாள் என்பதைவிட, மறைந்தது எவருக்கும் தெரியவில்லை என்பதே அவரை உலுக்கிற்று. அன்றே துறவு பூண்டார்.

நம் படச்சட்டமும் இந்திரன் செய்ததையே செய்கிறது. ஒரு முகம் மறைந்த கணமே மறுமுகம் தோன்றுகிறது. இறந்த அத்தையைத் தொடர்ந்து பேரனின் பிறந்தநாள்; அதனைத் தொடர்ந்து புதிய கார்; அதனைத் தொடர்ந்து மீண்டும் அத்தை. இழப்பை உணர இடைவெளியே இல்லை. அவையோர் போல நாமும் சுவை கெடாது பார்த்துக் கொண்டிருக்கலாம். அன்றி, பன்னிரு சிந்தனைகளில் முதலாவதான அநித்தியத்தை அங்கே கற்கலாம். அதே குழந்தை, அதே வாலிபன், அதே மூப்பன். பரியாயங்கள் தோன்றி அழிய, திரவியமாகிய உயிர் நிலைத்து நிற்பதை ஒரு நாழிகையில் காட்டவல்ல கருவி இதற்குமுன் எவர் வீட்டில் இருந்தது? கருவி ஒன்றே, காண்போர் உள்ளமே இரண்டு.

காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்பருத்திக்குன்றத்து ஆலய விதானத்தில் விருஷப தேவரின் வரலாறு வண்ண ஓவியமாக வரிசைப்படத் தீட்டப்பட்டுள்ளது. அங்கே படங்கள் நிற்கின்றன; காண்போர் நடந்து சென்று, அண்ணாந்து பார்த்து, பொருள் கேட்டு அறிகின்றனர். இங்கே நாம் அமர்ந்திருக்கிறோம். படங்கள் நம்மைத் தேடி வருகின்றன. இவ்வேறுபாடு சிறிதன்று என்பதைப் பின்வரும் நிகழ்ச்சி காட்டும்.

துறவு பூண்ட மகளின் படம்

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் மூத்த மகள் ஆர்யிகை தீட்சை ஏற்றாள். இளைய மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய படச்சட்டத்தில் அவளுடைய பள்ளிப் பருவம், பட்டமளிப்பு விழா, உறவினர் திருமணத்தில் பட்டுடுத்திப் பொன் அணிந்து நின்ற கோலம் ஆகிய அனைத்தும் இருந்தன. தந்தையார் அவற்றை நீக்க விரும்பினார். 'வெண்ணிற ஆடை ஒன்றே உடுத்து, கேசலோசம் செய்து, பெயரையும் துறந்தவரை நகையணிந்த கோலத்தில் வந்தவர்க்கெல்லாம் காட்டுவது அவிநயமன்றோ? தீட்சைக்குப் பின் எடுத்த படத்தை வைப்போம்' என்றார். தாயார் உடன்படவில்லை. 'அவர் துறந்தார், நான் துறக்கவில்லையே. பத்து மாதம் சுமந்த எனக்கு அந்த முகத்தைப் பார்க்கவும் உரிமை இல்லையா?' என்று கேட்டார். இருவரும் நம்மிடம் வந்தனர்.

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. ஆர்யிகை ஏற்ற நோன்பு தாயின் பார்வையால் குன்றாது, அது அவருடையது. ஆகவே படத்தால் அவருக்குத் தீங்கு நேரும் என்று நாம் கருதவில்லை. நாம் தாயாரிடம் கேட்டது ஒன்றே: 'அப்படம் தோன்றும்போது உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது?' அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், 'சில நேரம் பெருமையாக இருக்கிறது. பல நேரம் அழுகை வருகிறது. அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பினால் அங்கே சிரித்துக் கொண்டு நிற்கிறாள். அதன் பின் அன்று முழுதும் ஒரு வேலையும் ஓடுவதில்லை' என்றார்.

விருப்பமானவர் பிரிந்தமை எண்ணி இடைவிடாது வருந்துதலை ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகையாக நூல்கள் கூறும். அதே படத்தைக் கண்டு, இத்தகைய இளமையையும் அழகையும் உதறிச் சென்றாரே என வியந்து உடன்படுதல் அனுமோதனை, அது புண்ணியம். ஒரே படம் இரண்டிற்கும் வாயிலாகலாம். எதற்கு வாயிலாகும் என்பது காண்பவர் அப்போது ஆயத்தமாக இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. நாம் தேடிச் சென்று காணும் படத்திற்கு மனம் ஆயத்தமாகச் செல்கிறது. கேளாமல் வந்து நிற்கும் படமோ நம் மனநிலையை வினவுவதில்லை; பால் பொங்கும் வேளையிலும் வரும், துயில் வராத வேளையிலும் வரும்.

ஆகவே நாம் கூறியது இதுவே: மகளின் பழைய படங்களைச் சட்டத்திலிருந்து எடுத்து, அச்சிட்டு, ஓர் ஆல்பத்தில் வைத்துக் கொள்ளுங்கள். தாயாருக்கு உரிமை உண்டு; விரும்பும் நாளில் எடுத்துப் பார்க்கட்டும், பார்த்து மூடி வைக்கட்டும். தந்தையார் விரும்பிய தீட்சைக் கோலப் படமும் அச்சட்டத்தில் வேண்டா. சுற்றுலாவுக்கும் சிற்றுண்டிக்கும் நடுவே சில நொடி வந்து மறைவது வணக்கத்திற்குரிய உருவத்திற்கு முறையன்று. அதற்குத் தனியிடம் தருக. தாயார் உடனே ஒப்பவில்லை. சில திங்கள் கழித்து ஆல்பத்தைச் செய்து கொண்டார் எனக் கேள்வியுற்றோம். அழுகை நின்றதென்று அவர் கூறவில்லை. அழுவதற்கு ஒரு நேரம் வைத்துக் கொண்டதாகக் கூறினாராம். இல்லறத்தார் ஒருவருக்கு இதுவே பெரிய அடக்கம் என்று நாம் மதிக்கிறோம்.

ஆசிரியப் பயிற்சி கற்பித்த நெறி

ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தில் துணைக்கருவிகளின் பயன்பாட்டைப் பல ஆண்டுகள் நாம் கற்பித்தோம். படத்தை வகுப்பில் எப்போது காட்டுவது என்பதைவிட, எப்போது மறைப்பது என்பதையே பயிற்சி மாணவியர் அரிதில் கற்றனர். பாடத்திற்குரிய நேரத்தில் படத்தை எடுத்து மாட்ட வேண்டும். வினா எழுப்ப வேண்டும். பாடம் முடிந்தவுடன் சுருட்டி வைக்க வேண்டும். ஆண்டு முழுதும் சுவரில் தொங்கும் படம் இரண்டு விளைவுகளையே தரும். ஒன்று, மாணவர் கவனத்தைப் பிற பாடங்களிலிருந்து ஈர்க்கும். அன்றேல், எவர் கண்ணிலும் படாமல் சுவரோடு சுவராகிவிடும். இல்லத்திற்கும் இந்நெறி பொருந்தும்.

இதனைக் கருதி நம்மவர் சில வரையறைகளை மேற்கொள்ளலாம். நாளில் ஒரு நாழிகையோ இரு நாழிகையோ சட்டத்தை இயக்கி, குடும்பத்தார் கூடியிருக்கும்போது காண்க. சாமாயிகம், உணவு, உறக்கம் ஆகிய வேளைகளில் அணைத்து வைக்க. அந்திக்குப் பின் அது ஒளிர வேண்டியதில்லை. படங்களுக்கு ஓர் எண் வரம்பு கட்டி, புதிது ஒன்று சேர்க்கும்போது பழையது ஒன்றை நீக்குக. இது பரிக்கிரகப் பரிமாணத்தைப் பிள்ளைகளுக்கு எளிதில் கற்பிக்கும். தீர்த்தங்கரர், முனிவர் உருவங்களை இதில் கலவாதிருக்க. நோயுற்றோர், சல்லேகனை ஏற்றோர் ஆகியோரின் படங்களை ஓடவிடுதல் தகாது; அவர்கள் உடலின் மீதுள்ள பற்றை விட முயலும் நேரத்தில் நாம் அவ்வுடலின் உருவத்தைச் சேமிப்பது முரண்பாடு. படத்தில் உள்ளோர் உயிருடன் இருப்பின் அவர்தம் இசைவைக் கேட்க. குறிப்பாக, மணவாழ்வு முறிந்து பிறந்தகம் திரும்பிய பெண்ணின் முன் அவள் திருமணப் படம் வந்து நிற்குமாயின், கையால் அடியாமலேயே நாம் அவளை வருத்தியவர் ஆவோம். மருமகள் வீட்டாரின் முகங்களும் அதில் உண்டா என்றும் பார்க்க. எவருடைய முகம் இல்லையோ அவரும் அக்கூடத்தில்தான் அமர்ந்திருக்கிறார்.

இவை விரதங்கள் அல்ல, எளிய ஒழுக்கங்களே. எனினும் கருவிகள் நம் இசைவைக் கேளாமல் நம் நேரத்தையும் நினைவையும் ஆளும் இக்காலத்தில், 'இப்போது காண்பேன், இப்போது காணேன்' என்று கூறும் உரிமையை மனம் இழவாதிருத்தல் சிறு வெற்றியன்று. பொருளைத் துறக்க இயலாதவரும் அதன் ஆட்சியைத் துறக்கலாம்.

உருவங்கள் வரட்டும், போகட்டும். அவற்றைக் காணும் உயிர் தன்னையும் ஒருநாள் கண்டறிய நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள் நம் அனைவர்க்கும் துணையாகுக.